எழுதாமல் போன வலிப்புகள்

வலிப்பு உள்ளவர்களை தினமும் ஒரு நோட்டு எழுதச் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரை போட்டாரா, முந்தின ராத்திரி தூங்கினாரா. மருத்துவர் முதலில் தேடுவது எண்ணிக்கையைத்தான். போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை.

அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட முடியாது. ஜெர்மனியின் பான் நகரில், வீடியோ ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் முறை) கண்காணிப்பில் இருந்த 91 பேரை வைத்து கிறிஸ்டியன் ஹோப்பே குழுவினர் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கருவியில் பதிவானவை 582 வலிப்புகள். அவற்றில் 55.5 சதவீதத்தை நோயாளிகள் குறிக்கவே இல்லை. தூக்கத்தில் வந்தவற்றில் 85.8 சதவீதம் விடுபட்டிருந்தது. பாதிப் பேருக்கு தினமும் நினைவுபடுத்தியும் பலனில்லை. நினைவில் பதிய வைக்க வேண்டிய மூளைதானே அந்த நேரம் வலிப்பின் பிடியில் இருக்கிறது? வந்ததே தெரியாதவரிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்பது கொடுமை.

*

அப்படியானால் நோட்டு எதற்கு?

கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் நரம்பியல் மருத்துவர் ஜோயல் ரைட்டரும் டோனா ஆண்ட்ரூஸும் ஒரு பயிற்சி நூலை உருவாக்கினார்கள். அது வந்தது 1987இல். ஆண்ட்ரூஸ் தாமே வலிப்போடு வாழ்ந்தவர். நூலில் அது தெரிகிறது என்றே நினைக்கிறேன். வலிப்பைவிட, அதைச் சுற்றியுள்ள நேரத்தைத்தான் அவர்கள் முறை அதிகம் கேட்கிறது. எந்தச் சூழலுக்குப் பிறகு வந்தது? அதற்கு முன் மனம் எப்படி இருந்தது? வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போன்ற முன்னறிகுறி இருந்ததா? இதை ஒருவர் தனியாக எழுதிவிட்டு மூடி வைப்பதில்லை; ஆலோசகரோடு உட்கார்ந்து வாசிக்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வலிப்பு வராத நாள்களின் பக்கம். தூக்கமில்லாத ராத்திரிக்கு மறுநாள் வலிப்பு வந்தது என்று எழுதிவிடுகிறோம். தூங்காமலிருந்தும் எதுவும் வராத நாள்களை எழுதாவிட்டால், தூக்கம்தான் காரணமா என்று எப்படிச் சொல்வது? தவிர, அந்தப் பக்கங்களில்தான் ஒருவர் நோயாளியாக மட்டும் இல்லாத நாள்கள் இருக்கின்றன: சமைத்தது, பேருந்தில் போனது, யாரோடோ சிரித்தது.

*

ஈ.ஈ.ஜி.யில் வலிப்பு நோய்க்குரிய மாற்றம் எதுவும் தெரியாமல், ஆனால் நிஜமாகவே வரும் வலிப்புகள் உண்டு. நடிப்பு என்று சொல்லி, இவை வருபவர்களைப் பலரும் காயப்படுத்தியிருக்கிறார்கள். இவர்களுக்கென்று ரைட்டர், ஆண்ட்ரூஸ் முறையை அமெரிக்காவின் பிராவிடென்ஸில் கர்ட் லாஃப்ரான்ஸ் தழுவி அமைத்தார். 2014இல் வெளியான அவரது சிறிய சோதனையில் 38 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்த முறையிலான உளச்சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் வலிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

பிரிட்டனில் இதே வகை வலிப்பு உள்ள 368 பேரிடம் வேறொரு உளச்சிகிச்சை முறையைச் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. 12 மாத முடிவில் வலிப்பின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களை வலிப்பு முன்போல் அலைக்கழிக்கவில்லை. அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டிருந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்த மாற்றம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

*

நோட்டுக்காக நாள் முழுக்கத் தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருப்பது பயத்தைத்தான் வளர்க்கும். எழுத, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும் என்பது என் எண்ணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வலிப்பு உள்ளவர் அறியாமல் அவருக்கு வந்த வலிப்பை நீங்கள் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு நேரம், எந்தக் கை முதலில் இழுத்தது என்பது போதும். அவர் எழுதிய பக்கங்களைக் கேட்காமல் திறக்காதீர்கள். கோபத்தில் சாட்சியாக எடுத்து நீட்டாதீர்கள். பல நாள் வலிப்பே இல்லை என்று நோட்டு சொன்னாலும், நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நோட்டோடு மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.