அவசரத் தீர்ப்பு



வீட்டில் ஒரு பொருள் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "இதில் என்ன கெட்டிருக்கிறது?" என்றா? இல்லை, "இதை யார் கெடுத்தது?" என்றுதான் கேட்கிறோம். கடிகாரம் நின்றாலும் சரி, மிக்ஸி ஓடாவிட்டாலும் சரி, பொருளைத் திறந்து பார்க்குமுன் ஆளைத் தேடிப் புறப்படுகிறோம். இரண்டு கேள்விகளும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் முதலாவது விசாரணை. இரண்டாவது பாதித் தீர்ப்பு. ஒருவனைக் குற்றவாளி என்று மனத்துக்குள் முடிவு கட்ட நமக்கு எப்போது உரிமை உண்டு? இதைப் பற்றி நான் பாடம் கற்றது ஒரு கித்தார்ப் பெடலிடம். கதை எனக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரக் கித்தார் வாசிப்பவரின் காலடியில் சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி ஒன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பெடல். தந்தி அதிரும்போது உண்டாகும் மெல்லிய மின்னோட்டம் கேபிள் வழியாக இந்தப் பெட்டிக்குள் போகிறது. அங்கே அதற்கு எதிரொலியோ, கரகரப்போ, நடுக்கமோ சேர்கிறது. பின்பு இன்னொரு கேபிள் வழியாக ஆம்ப்ளிபயருக்குச் செல்கிறது. மேலேயுள்ள ஸ்விட்சைக் காலால் மிதித்தால் அந்த விசேஷ ஓசை வரும்; மறுபடி மிதித்தால் கித்தாரின் இயல்பான ஓசை மட்டும் கேட்கும். என்னிடம் இருப்பது எதிரொலி தரும் பெடல். உள்ளே 9 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு.

என் அக்காள் மகன் கல்லூரியில் படிப்பவன். சிநேகிதன் வீட்டுக் கலியாணத்தில் வாசிக்க வேண்டுமென்று அந்தப் பெடலை இரவல் கேட்டான், கொடுத்தேன். திங்கட்கிழமை மாலை திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். சனிக்கிழமை இரவு நான் கித்தாரை எடுத்து அமர்ந்து பெடலை மிதித்தேன். விளக்கும் எரியவில்லை, ஓசையும் வரவில்லை. மறுநாள் மதியம் அக்காள் குடும்பத்தார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். இலையில் சோறு விழுமுன்னே நான் ஆரம்பித்தேன். "இரவல் கொடுத்தால் இப்படித்தான். என்னடா செய்தாய் அதை?" என்றேன். "நான் கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது, மாமா" என்றான் பையன். "ஆமாம், தானாகவே செத்துப்போயிற்றாக்கும்!" என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தேன். அவன் தலை குனிந்தபடி சாப்பிட்டு எழுந்து போனான். அதன்பின் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் அவன் வரவில்லை.

எங்கள் ஊரில் ஒலிபெருக்கிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெடலையும், கித்தாரையும், கேபிள்களையும் அவரிடம் எடுத்துப் போனேன். "பெட்டியைத் திறந்து பாருங்கள், ஐயா, உள்ளே ஏதோ ஒடிந்திருக்கிறது" என்றேன். அவர் திறக்கவில்லை. பெடலை ஓரமாக வைத்துவிட்டு, கித்தாரிலிருந்து ஒரே கேபிளை நேராகத் தம் ஆம்ப்ளிபயரில் செருகித் தந்தியை மீட்டினார். ஓசை வந்தது. கித்தாரும், அந்தக் கேபிளும், ஆம்ப்ளிபயரும் நிரபராதிகள் என்று தெரிந்தது. அடுத்து இரண்டாவது கேபிளை அதே இடத்தில் போட்டுப் பார்த்தார். அதுவும் நிரபராதி. பிறகு பெடலை நடுவில் வைத்து, மிதிக்காமல் வாசித்தார். ஓசை தடையின்றிச் சென்றது. ஆகவே செருகுமிடங்களிலும் அந்த வழியிலும் குறையில்லை. மிதித்தபோதுதான் மௌனம்.

"இப்போது இரண்டே பேர்தான் மிச்சம், தம்பி. ஒன்று உள்ளேயிருக்கும் சர்க்யூட், இன்னொன்று அதற்குச் சாப்பாடு போடுகிற பாட்டரி" என்றார் பெரியவர். பெடலின் மேல் அச்சிட்டிருந்த குறியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பெரும்பாலான பெடல்களில் அடாப்டர் முனையின் நடுப்பகுதி நெகட்டிவ்; மாற்றிக் கொடுத்தால் நல்ல பெடலும் கெட்டுப்போகக் கூடுமாம். அடாப்டரின் குறியும், 9 வோல்ட் என்ற அளவும் பொருந்துவதைப் பார்த்த பிறகே செருகினார். பெடல் பாடியது! சர்க்யூட்டும் நிரபராதி. கடைசியாக மூடியைத் திறந்து பாட்டரியில் மீட்டரை வைத்தார். புதிய பாட்டரியில் 9 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகவே காட்டும். இதில் 4 வோல்ட்தான் இருந்தது.

"பார்த்தீர்களா, பயல் பாட்டரியைத் தீர்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறான்" என்றேன். ஆம், வாசகர்களே, அப்போதும் நான் அவனை விடவில்லை! பெரியவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: "அவன் கொடுத்த பிறகு இதில் கேபிள் செருகியே இருந்ததா, தம்பி?"

அப்போதுதான் நினைவு வந்தது. திங்கட்கிழமை அவன் வைத்துவிட்டுப் போனதும் வாசிக்கலாம் என்று கேபிளைச் செருகினேன். வாசலில் யாரோ அழைத்தார்கள், எழுந்து போனேன். சனிக்கிழமை வரை அது செருகியபடியே கிடந்தது.

"காலால் மிதித்து நிறுத்தினால் பாட்டரி நிற்காது. கித்தார்க் கேபிளைச் செருகும் துவாரமே இதற்கு ஸ்விட்ச். செருகினால் பாட்டரி இணைந்துவிடும், பிடுங்கினால்தான் பிரியும்" என்றார் அவர். கணக்குப் பார்த்தேன். இத்தகைய ஆல்கலைன் பாட்டரி ஒன்றில் சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி சக்தி இருக்கும். எதிரொலிப் பெடல் 20 மில்லி ஆம்பியர் குடித்தால் 25 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். என் வீட்டில் அது ஐந்து நாள் குடித்திருக்கிறது. பாட்டரியைத் தீர்த்தது என் கை. மதியச் சாப்பாட்டில் குற்றவாளியாக உட்கார்ந்தவனோ வேறொருவன்.

நான் எங்கே தவறினேன்? என் வாதம் எளிமையானது: கடைசியாக அவன் எடுத்தான், பின்பு அது கெட்டது, ஆகையால் அவன் கெடுத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதைவிடக் கேவலம், கடைசியாகத் தொட்டவன் அவனல்ல, நான். நம் கை செய்ததை நாம் எண்ணுவதேயில்லை. பிறர் தொட்டது மனத்தில் பதிகிறது; நாம் தொட்டது காற்றைப் போல மறைந்துபோகிறது.

"அப்படியானால் யாரையுமே சந்தேகிக்கக் கூடாதா? திருடனுக்கும் கதவைத் திறந்து வைப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பெரியவரும் சந்தேகப்பட்டார். சொல்லப்போனால் என்னைவிட அதிகமாகவே சந்தேகப்பட்டார். கித்தார், இரண்டு கேபிள்கள், ஆம்ப்ளிபயர், சர்க்யூட், பாட்டரி, கடைசியில் என்னையும் அவர் விடவில்லை. ஆனால் அவருடைய சந்தேகத்துக்கும் என்னுடையதற்கும் ஒரு பேதம் உண்டு. அவர் சந்தேகித்த ஒவ்வொன்றுக்கும், தான் நல்லதென்று காட்டிக்கொள்ள ஒரு வழியைக் கொடுத்தார். "ஓசை வந்தால் நீ விடுதலை" என்பது அவர் முறை. நானோ பையனுக்கு அப்படியொரு வழியை விட்டுவைக்கவில்லை. அவன் மறுத்தால் பொய், மௌனமாயிருந்தால் ஒப்புதல். நிரபராதிக்கும் தப்ப வழியில்லாத விசாரணை விசாரணையே அன்று. சந்தேகம் நியாயமானதா என்று அறிய இது ஒன்றே போதும்: நான் நினைப்பது தவறாயிருந்தால், அது எனக்கு எப்படித் தெரியவரும்? இதற்கு விடை இல்லையானால் வாயைத் திறவாதிருப்பதே நலம்.

பெரியவரிடம் இன்னொன்றும் கவனித்தேன். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றினார். கேபிளையும், பாட்டரியையும், ஸ்விட்சையும் ஒன்றாக மாற்றியிருந்தால் பெடல் பாடியிருக்கும். ஆனால் எது கெட்டதென்று தெரிந்திராது. நல்ல பொருளும் குப்பைக்குப் போயிருக்கும். நம் வீட்டுச் சண்டைகளில் நாம் செய்வது என்ன? ஒரு குறையைப் பேசத் தொடங்கி, போன வருஷத்துக் குறையையும் மாமியார் வீட்டுக் குறையையும் சேர்த்து இழுக்கிறோம். முடிவில் எது பழுதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

குற்றம் சாட்டுகிறவன் ஒன்றையும் கற்பதில்லை. விசாரிக்கிறவனோ பழுதிலிருந்தும் பயன் காண்கிறான். அமெரிக்காவில் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில், 1961-ல் வெளிவந்த ஒரு பாட்டைப் பதிவு செய்கையில், கருவியில் நேர்ந்த கோளாறால் பாஸ் கித்தாரின் ஓசை கரகரத்துப் போயிற்று. க்ளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவாளர் அந்தக் கோளாறை ஆராய்ந்தார். அதே ஓசையை வேண்டும்போது தரக்கூடிய டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஒன்றையும் உருவாக்கினார். 1962-ல் கிப்ஸன் கம்பெனி அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெடலாக வெளியிட்டது. "யார் கெடுத்தது?" என்று சத்தம் போடுவதோடு அன்று நின்றிருந்தால் அந்தப் பெடல் பிறந்திராது.

ஆனால் பெடலுக்கும் மனிதனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேபிளைச் சந்தேகித்தால் கேபிளுக்கு நோவதில்லை. அதைக் கழற்றி, சோதித்து, மீண்டும் மாட்டிவிடலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மனிதனோ சந்தேகித்த கணத்திலேயே காயப்படுகிறான். பிற்பாடு அவன் நிரபராதி என்று தெரிந்தாலும் காயம் இருந்துகொண்டுதான் இருக்கும். ஆகையால் கருவிகளிடம் காட்டும் பொறுமையைவிடப் பத்து மடங்கு பொறுமையை மனிதரிடம் காட்டவேண்டும். நாமோ தலைகீழாக நடக்கிறோம். 200 ரூபாய்க் கேபிளை மூன்று முறை சோதிக்கிறோம். சொந்தப் பிள்ளையை ஒரு முறைகூடச் சோதியாமல் தண்டிக்கிறோம்.

மேலும், ஒருவனுடைய நற்பெயரை எங்கே எடுத்தோமோ, அங்கேயே அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சபையில் அவமானப்படுத்திவிட்டு, தனியே தோளில் தட்டி, "மனசில் வைத்துக்கொள்ளாதே" என்பது ஈடாகாது. நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் குடும்பத்தாரை மறுபடியும் சாப்பிட அழைத்தேன். பையனும் வந்தான். இலை போட்டதும் நடந்ததை எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். "தப்பு என்னுடையது. உன்னைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு" என்றேன். அதைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. குற்றம் சாட்டியபோது அடைக்கவில்லை என்பதை எண்ணி வெட்கினேன். அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "இப்போது கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்களா, மாமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இம்முறை அந்தச் சிரிப்பு எனக்குரியது, பெற்றுக்கொண்டேன்.

பிரியமான வாசகர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகலாம். அல்லது ஏதாவது ஒன்று காணாமல் போகலாம். அப்போது வேலைக்காரப் பெண்ணின் பேரோ, மருமகளின் பேரோ, கடைசிப் பையனின் பேரோ உங்கள் நாவின் நுனிக்கு வரும். அதை அங்கேயே நிறுத்திவையுங்கள். முதலில் உங்கள் கை கடைசியாகச் செய்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அடுத்து, அந்த ஆள் நிரபராதியானால் அது வெளிப்பட வழி கொடுங்கள். அதற்குப் பிறகும் சொல்லவேண்டியது இருந்தால், தனியாக அழைத்துச் சொல்லுங்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது வீணுக்கல்ல.