பக்கத்து இலை

என்னிடம் அரபி பயின்ற மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கலக்கம் தெரிந்தது. வீட்டிலிருந்து அவர் கொண்டுசெல்லும் பகலுணவில் இறைச்சி இருப்பதைக் கண்டு, அடுத்த இருக்கையில் பணிபுரியும் நண்பர் முகம் சுளித்திருக்கிறார். பின்னர் வாய்விட்டே கூறியும் இருக்கிறார். "ஹஜ்ரத், நான் விட்டுக்கொடுத்தால் ஈமானில் குறையா? விட்டுக்கொடுக்காவிட்டால் அக்லாக்கில் குறையா?" என்று கேட்டார். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தவற்றுள் சிலவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

இஃது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. 2014ஆம் ஆண்டு சென்னையில் 'தி இந்து' நாளிதழின் அலுவலகத்தில், சிற்றுண்டிச் சாலைக்குள் அசைவ உணவு கொண்டுவர வேண்டாம், சைவ உணவு உண்ணும் பெரும்பாலோர்க்கு அது சங்கடம் தருகிறது என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு விடுக்கப்பட்டது நாடெங்கும் பேசப்பட்டது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவர்க்கு ஒரு வாயில், அசைவர்க்கு ஒரு வாயில், கைகழுவும் தொட்டியும் தனித்தனி என்று சுவரொட்டிகள் தோன்றின. எதிர்ப்பு எழுந்ததும் அகற்றப்பட்டன. முதலாவதில் பேசப்பட்டது உணவு. இரண்டாவதில் பேசப்பட்டது கை. இவ்வேற்றுமையை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நம் தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அது நடந்த ஊர் சேரன்மாதேவி. பக்கத்திலே பத்தமடை; ஆற்றங்கரைக் கோரையை இழை இழையாகக் கிழித்து நம்மவர் பாய் நெய்யும் ஊர். ஒரு பாயில் எத்தனை பேர் அமரலாம் என்று அளந்து பார்க்கத் தெரிந்த ஊருக்கு அருகிலேயே, ஒரு பந்தியில் யார் யார் அமரலாம் என்ற சண்டை மூண்டது.

திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் விடுதலை வீரருமான வ. வே. சு. ஐயர் 1922இல் அங்கே தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். நாட்டுப்பற்றும் தாய்மொழிக் கல்வியும் அதன் நோக்கங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் அளிக்க இசைந்து, ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்தும் இருந்தது. ஆயின் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே அமர்ந்து உண்டனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே பயின்றான். அவன் வாயிலாகவே செய்தி வெளிவந்தது என்பர். டாக்டர் வரதராசுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியாரும் கொதித்தெழுந்தனர். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் இரு பந்தியா என்பது அவர்கள் கேள்வி.

ஐயரின் விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. தாம் எல்லாரோடும் அமர்ந்து உண்பதாகவும், அவ்விரு சிறுவரின் பெற்றோர்க்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் அவர் கூறினார். காந்தியடிகள் 1925இல் தமிழ்நாடு வந்தபோது இவ்வழக்கு அவர் முன் வைக்கப்பட்டது. இப்போதுள்ள இருவரின் பெற்றோர் மனத்தை மதிக்கலாம், இனிச் சேர்வோர் சமபந்திக்கு உடன்பட்டே சேரவேண்டும் என்னும் வகையில் அவர் நடுவழி கண்டார். அது இருதரப்பையும் ஆற்றவில்லை. அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள், மாணவர்களுடன் பாபநாசம் சென்றிருந்த ஐயர், அருவி நீரில் அகப்பட்ட தம் மகள் சுபத்திராவை மீட்கப் பாய்ந்து மகளோடு தாமும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ. வெ. ரா. வெளியேறினார். அதற்கு உடனடிக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம். ஆயினும் சேரன்மாதேவியின் கசப்பு அவர் நாவில் இருந்தது என்பதை மறுப்பார் இல்லை.

வாக்குக் காத்தல் நம் மார்க்கத்தில் எத்துணைப் பெரிய கடமை என்பதை அறிந்தவன் ஆதலால் ஐயர் பக்கம் என் மனம் சிறிது சாய்வதுண்டு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவ்வாக்கின் விலையைக் கொடுத்தவர் யார்? ஐயர் அல்லர், அவ்விரு தந்தையரும் அல்லர். நாம் ஏன் அந்தப் பக்கம் உட்காரக் கூடாது என்று புரியாமல் விழித்த மற்றச் சிறுவர்கள். தன்னுடையதை விட்டுக்கொடுப்பது தாராளம். பிறருடைய மானத்தை எடுத்து இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. அங்கே தகராறு இலையில் இருந்த பண்டத்தைப் பற்றியதன்று. பக்கத்து இலையில் இருந்த ஆளைப் பற்றியது.

இனி ஹதீஸ் கூறும் ஒரு விருந்தைப் பார்ப்போம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லம். அவர்களுடைய சகோதரி நஜ்து நாட்டிலிருந்து கொண்டுவந்த உடும்பு சுடப்பட்டு வைக்கப்பட்டிருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். இன்னது என்று அறிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் இப்னு வலீத் (ரலி), இது ஹராமா என்று வினவ, இல்லை. என் சமூகத்தார் நாட்டில் இது இல்லாமையால் என் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

இச்சிறு காட்சியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது! மனம் ஒப்பாமை குற்றமன்று. நபிக்கே அது நேர்ந்தது. ஆனால் அந்த ஒப்பாமை சட்டமாக மாறவில்லை, உண்பவரை எழுப்பவில்லை, தாமும் எழுந்து போகவில்லை. காலித் (ரலி) அவர்களும் தலைவர் வெறுக்கிறாரே என்று நாணிக் கையை மடக்கவில்லை. ஒருவர் உண்கிறார், ஒருவர் உண்ணவில்லை, விரிப்பு ஒன்றே. (பின்வந்த இமாம்களில் ஷாஃபிஈ இமாம் உடும்பை ஆகும் என்றார், ஹனஃபிகள் மக்ரூஹ் என்றனர். நண்டு விஷயத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈகள் வாழ்வதால் அங்கே நண்டுக் குழம்பு விருந்து. ஹனஃபி மருமகன் வந்தால் மாமியார் அவசர அவசரமாக முட்டை பொரிப்பார். இதனால் எந்தக் குடும்பமும் பிரிந்ததாக நான் கேட்டதில்லை.)

இந்த ஹதீஸை நான் பல்லாண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அதை நான் படித்துக்கொண்டது பிந்தித்தான். இளமையில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். அங்கே மூத்த தமிழாசிரியர் ஒருவர், மரபான சைவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். சீறாப்புராணத்தை என்னிடம் ஐயம் கேட்டுக் கேட்டுப் படித்தவர். ஒருநாள் நான் சாளைக் கருவாட்டுக் குழம்போடு தூக்குச்சட்டியைத் திறந்தேன். ஆசிரியர் அறை சிறியது, ஒரே சன்னல். அவர் மெல்ல, "பாய், தப்பா நினைக்கக் கூடாது. இந்த வாடை எனக்குத் தலையைச் சுத்துது. கொஞ்சம் வராந்தாப் பக்கம் உக்காந்துக்கிட முடியுமா?" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இது: "அல்லாஹ் ஹலாலாக்கியதை நீங்கள் ஹராமாக்க வேண்டாம், அண்ணாச்சி." அவர் முகம் வாடிவிட்டது. அவர் எங்கே எதை ஹராமாக்கினார்? மூக்கைப் பற்றிப் பேசியவருக்கு நான் ஃபத்வாவைக் கொண்டு விடை கூறினேன்.

மறுநாள் முதல் வராந்தாவில் அமர்ந்து உண்டேன். எவரும் காணும்படி, சற்று உரக்கவே பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டேன். அதற்குப் பொறுமை என்று பெயரிட்டுக்கொண்டேன். அது வெறும் கோபம்.

ஹலால் என்பது ஓர் அனுமதி, கட்டளையன்று. உண்ணலாம் என்பதில், இன்று உண்ணாதிருக்கலாம் என்பதும் அடங்கும். உள்ளியும் பூண்டும் உண்டவர் அவ்வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று அண்ணலார் தடுத்தது, அவை விலக்கப்பட்டவை என்பதால் அன்று. பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கும் ஓர் உரிமை உண்டு என்பதால். கருவாட்டுக்கும் இவ்விதி பொருந்தாதா? அதே வேளையில் எதிர்ப்பக்கத்து எச்சரிக்கையும் உண்டு. தேனின் வாடை பற்றி இல்லத்தார் கூறியதன் பேரில் இனித் தேன் அருந்துவதில்லை என்று பெருமானார் உறுதி கொண்டபோது, அல்லாஹ் ஆகுமாக்கியதை நீர் ஏன் விலக்கிக்கொள்கிறீர் என்ற பொருளில் தஹ்ரீம் அத்தியாயத்தின் முதல் வசனம் இறங்கியதாக ஓர் அறிவிப்பு உண்டு. பிறர் பொருட்டு ஒருவேளை தவிர்ப்பது வேறு. பிறர் சுளிப்பைக் கண்டு நம் உணவே இழிந்தது என்று நாமே நம்பத் தொடங்குவது வேறு. பின்னது நம் பிள்ளைகளிடம் இன்று காணப்படுகிறது. பகலுணவைத் திறக்குமுன் நாற்புறமும் பார்க்கிறார்கள். என் மாணவரின் குரலில் நான் கேட்ட கலக்கம் அதுதான். இறைச்சி இல்லாமல் ஒரு பகல் கழிவது அவருக்குப் பெரிதன்று.

நம்மையும் தராசில் நிறுத்த வேண்டும். பன்றி இறைச்சியின் பெயரைக் கேட்டாலே நமக்குக் குமட்டுகிறது. அதை எவரேனும் நம் மேசையில் திறந்தால் மெல்லவேனும் சொல்லத்தானே செய்வோம்? அவ்வாறாயின் அண்ணாச்சியின் தலைச்சுற்றலை எள்ளுவது நீதியாகாது. ரமலானில் நம் முன்னே உண்பதற்கு நண்பர்கள் கூசி ஒளிந்து உண்கிறார்கள்; அதை நாம் மரியாதையாக ஏற்றுக்கொள்கிறோம், சிலர் எதிர்பார்க்கவும் செய்கிறார்கள். எதிர்பார்க்க நமக்கு எந்த நூல் உரிமை தந்தது? நோன்பு நம்முடையது.

இன்னும் கசப்பான ஒன்று. மனிதனின் எச்சில் தூய்மையானது, அவன் எம்மதத்தவனாயினும் சரி என்பது ஃபிக்ஹ் நூல்களின் தொடக்கப் பாடம். மத்ரஸாவில் முதலிரண்டு ஆண்டுகளிலேயே மனனம் செய்துவிடுவோம். சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்று கூறும் அந்நூர் அத்தியாயத்து 61ஆம் வசனம், குருடரோடும் முடவரோடும் நோயாளரோடும் உண்பது பற்றி அரபிகளிடையே இருந்த தயக்கத்தை நீக்க வந்தது என்று விரிவுரையாளர் பலர் எழுதுகின்றனர். காயல்பட்டினத்தில் ஒரு சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து கைபோட்டு உண்ணும் வழக்கத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் தெருக் கூட்டும் தொழிலாளிக்கு நம் வீட்டில் எந்தக் குவளையில் தண்ணீர் கொடுக்கிறோம்? எல்லா வீட்டையும் சொல்லவில்லை. என் சிறுவயதில் என் வீட்டில் கொல்லைப்புறத்தில் ஒரு தனிக்குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஆகவே மாணவருக்கு நான் கூறிய விடை இது. நண்பர் வாடையைச் சொன்னால், அவர் கேட்குமுன்பே நீர் சன்னல் ஓரம் போய்விடும். மணம் மிகுந்ததை வீட்டில் உண்ணும். அதில் உமக்கு இழப்பில்லை. அவர் மேசையைச் சொன்னால், பாத்திரத்தைச் சொன்னால், உம்மைப் போன்றோர் என்று சொன்னால், பணிவாக அங்கேயே அமர்ந்து உண்ணும். அங்கே நீர் எழுந்தால் உமக்குப் பின் வருபவரையும் எழுப்பியவர் ஆவீர். இரண்டில் எது என்று எப்படி அறிவது என்று கேட்டார். வேறோர் அறை காலியாக இருந்தால் அவரே எழுந்து போவாரா என்று பாரும் என்றேன். இதில் எனக்கே முழு நிறைவு இல்லை. மனிதர் தம் வெறுப்பின் வேரைத் தாமே அறியார்.

அண்ணாச்சியின் கதை மீதி இருக்கிறது. நான் வராந்தாவில் உண்ணத் தொடங்கிய சில மாதங்களுக்குப் பின், புதிதாக வந்த ஓர் ஆசிரியரின் முறையீட்டின் பேரில் அறையில் இரண்டாவது மண்பானை ஒன்று வைக்கப்பட்டது. அசைவம் உண்போர் அதில் மட்டும் தண்ணீர் மொள்ளலாம். எழுத்தில் ஆணை இல்லை. பானை மட்டும் இருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கும் பொறுமை என்றே பெயர். பள்ளியின் காவலாளி அப்பானையையும் தொடத் தயங்கிக் கிணற்றடிக்குப் போவதைக் கண்ட பின்னரே எனக்கு உறைத்தது. சொல்ல வேண்டிய சொற்களை இரவெல்லாம் அடுக்கிக்கொண்டு மறுநாள் பகலில் அறைக்குள் நுழைந்தேன்.

அண்ணாச்சி எனக்கு முன்பே வந்திருந்தார். தம் தயிர்ச்சோற்றை உண்டு முடித்துவிட்டு எழுந்து, நேரே இரண்டாவது பானைக்குச் சென்று, அதிலேயே மொண்டு அண்ணாந்து குடித்தார். புது ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். குவளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உள்ளே வந்து உக்காரும் பாய், மழை சாரல் அடிக்குது" என்றார். தூக்குச்சட்டியைத் திறந்தேன். அன்றும் கருவாடுதான். அவர் மேசையிலிருந்த எலுமிச்சங்காய்த் தோலை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டு, பாடக் குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினார்.