கையில் வந்த மீன்



பங்சார் வீட்டில், எனக்கு 13 வயதில், விரல் நீள 'இக்கான் பண்டாராயா' ஒன்று வாங்கினேன். "பாசியைத் தின்னும், தொட்டி சுத்தமா இருக்கும்"னு கடைக்காரர் சொன்னார். எவ்வளவு பெருசாகும்னு நான் கேட்கல. மூன்று வருடத்தில் ஓர் அடி தாண்டிடுச்சு. தொட்டியில் திரும்பவே இடமில்லை. ஓர் இரவு வாளியில் கொண்டுபோய்க் கிள்ளான் ஆற்றில் விட்டேன். புண்ணியம்னு நினைச்சேன்.

பிறகுதான் பாகவதத்தில் மச்ச அவதாரம் படித்தேன். திராவிட மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை நதியில் தர்ப்பணம் செய்கையில், உள்ளங்கை நீரில் ஒரு குட்டி மீன் வந்தது. அதை ஆற்றிலேயே விட்டான். பெரிய மீன்களுக்குப் பயந்து, தன்னைக் காக்கும்படி அது கெஞ்சியது. கமண்டலத்தில் எடுத்தான். அது வளர வளர, பெரிய பாத்திரம், குளம், ஏரி என இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் கடல்வரை சுமந்து போனான். வந்தது திருமால் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

அடைக்கலம் தந்தால், வளர்ந்த பிறகும் காக்க வேண்டும். அதுதான் தர்மம்.

என் மீனின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அரை மீட்டர்கூட வளரும். ஆற்றங்கரையில் வளை தோண்டும். நம் ஊர் மீன்களின் இரைக்குப் போட்டி போடும். இன்று சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர்கள் இவற்றை வலைவீசி அகற்றுகிறார்கள். என் 'புண்ணியத்தை' யாரோ சுமக்கிறார்கள்.

வாங்கும் முன்னே, "பெருசானா எவ்வளவு நீளம்?"னு கேளுங்க. தொட்டி போதலைன்னா, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்க. ஆற்றிலும் கோயில் குளத்திலும் விடாதீங்க. நான் விட்டதைத் திரும்பப் பிடிக்க என்னால் முடியல.