புழுவைக் கொல்லுதல் பாவமா?

வீட்டுத் தோட்டத்தை அழிக்கும் புழுவைக் கொல்லலாமா, கூடாதா என்பது அற்பக் கேள்வியென்று சிலர் நகைக்கக்கூடும். அற்பமானவற்றிலேதான் மனிதனுடைய நியாயவுணர்ச்சி மெய்யாகப் பரீட்சிக்கப்படுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் முன்னாளில் பண்ணைகள் இருந்தன. இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. எனினும் அவற்றின் பொதுத் தாழ்வாரங்களில் நம்மவர் தொட்டிகளிலே கறிவேப்பிலையை வளர்த்து வருகின்றனர். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின், எலுமிச்சையை நாடும் வண்ணத்துப்பூச்சி இதன் தளிரிலும் முட்டையிடும். வெளிவரும் புழு முதலிற் பறவையின் எச்சம் போலவும், முதிர்ந்தபின் பச்சிலை போலவும் தோன்றிக் கண்ணை ஏய்த்து, சிறு செடியைச் சில நாட்களில் மொட்டையாக்கிவிடும்.

இதற்குச் சிலர் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து, “நாங்கள் இயற்கை முறையைக் கைக்கொண்டோம்; உயிர்க்கொலை செய்யவில்லை” என்று திருப்தியடைகின்றனர். இது பொருந்துமா? வேம்பு புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளரவொட்டாமற் செய்து மடிவிக்கிறது. 1901இல் ஜப்பானியப் பட்டுப்புழுக்களிடம் கண்டறியப்பட்ட பாசில்லஸ் என்னும் நுண்ணுயிரோ புழுவின் குடலைச் சிதைக்கிறது. இயற்கை என்று பெயரிட்டதனால் மரணம் மரணமல்லாமற் போய்விடுமா?

அப்படியாயின் ஒன்றும் செய்யாதிருத்தலே அறமோ? அதுவுமன்று. தன் தொட்டியிலுள்ள புழுவைத் தொட அஞ்சும் புண்ணியவான், சந்தையிலே ஓட்டையில்லாத முட்டைக்கோஸைத் தேடி வாங்குகிறான். அது ஓட்டையின்றி வந்தது எவ்வாறு? பெரும்பாலும், எங்கோ ஒரு தொழிலாளி மருந்தடித்தான். அந்நஞ்சை அவனும் சுவாசித்தான். கொலையைக் கூலிக்கு விட்டுத் தாம் மட்டும் சுத்தராயிருப்பதை ஜீவகாருண்யம் என்போமா?

நிற்க, கொடிய மருந்தினும் இயற்கை முறை மேலானதென்பதை நாம் மறுக்கவில்லை. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபெல் பரிசு அளித்து உலகம் கொண்டாடிற்று. சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஜாவாவில் முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி அந்நஞ்சுக்கு அசையாததாயிற்று. அத்தகைய மருந்து புழுவோடு நிற்பதில்லை; புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் சிறு குளவியையும் கொல்கிறது. பொதுத் தாழ்வாரத்திலோ அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சிலும் கலக்கிறது.

ஆகவே, உயிர் போயிற்றா என்பது மட்டும் கேள்வியன்று. தேவைக்கு மிஞ்சிப் போயிற்றா, அயலாரைத் தாக்கிற்றா, பாரம் பிறர் தலையில் விழுந்ததா என்பவையே கேள்விகள். காலைதோறும் இலையைத் திருப்பிப் பார்த்து, முட்டையையும் புழுவையும் தம் கையாலேயே அகற்றுகிறவர் இம்மூன்றிலும் தேறுவர். இளஞ்செடிக்கு வலையிட்டால் அந்தக் கொலையும் குறையும். செழித்த செடி தின்னப்பட்ட பின்னும் துளிர்க்கும். அதில் இரண்டு புழுக்களை விட்டுவைத்தால் நமது ரசம் மணங்குன்றிவிடாது.

செய்வதை இன்னதென்று அறிந்து, அளவோடு, தானே செய்வதுதான் அறம். பெயரை மாற்றிக்கொண்டு மனத்தை ஆற்றிக்கொள்வது அறமாகாது.