எவ்வளவு இறுக்கினால் போதும்?

இரண்டு மரங்களுக்கு நடுவே தட்டையான பட்டையைக் கட்டி அதன்மேல் நடக்கும் ஸ்லாக்லைன், அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1980-களை ஒட்டி மலையேறிகளிடையே வளர்ந்த பழக்கம். 100 மீட்டர் பட்டையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து இழுப்பதுதான் சுலபம். இருந்தும் ஒற்றை ஆளாக அதை இறுக்குபவர்கள் உண்டு. இதை வீறாப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆள்பலம் இருக்கும்போது கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியைத் தனியாள் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது: எவ்வளவு இறுக்கினால் போதும்?

தனியாளுக்குத் துணை கப்பிகள். ஒன்பது மடங்கு அமைப்பில் 40 கிலோ விசையோடு இழுத்தால், உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், கிடைப்பது 360 கிலோ. அதற்கும் விலை உண்டு. பட்டை 1 மீட்டர் நகர, 9 மீட்டர் கயிறு கைக்கு வரவேண்டும். கப்பிகள் நெருங்கி முட்டிக்கொண்டதும், பட்டையைப் பிடிகருவியில் நிறுத்திவிட்டு, கப்பிகளை விரித்து மறுபடி இழுக்க வேண்டும். ஆக, இங்கே தோள்வலிமையைவிட, இழுத்தது நழுவாமல் நிற்பதே பெரிது. கூடுதலாக இறுக்கும் ஒவ்வொரு சாணுக்கும் தன் மூச்சையே விலையாகக் கொடுப்பவர், அது தேவைதானா என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

யோசிக்கத் தகுந்த கணக்குதான் அது. 70 கிலோ எடையுள்ளவர் நடுவில் நிற்கும்போது பட்டை 2 மீட்டர் தொய்ந்தால், அதில் இழுவிசை ஏறத்தாழ 875 கிலோ. தொய்வு 1 மீட்டராகக் குறையவேண்டுமானால் 1,750 கிலோ. தொய்வு பாதியாகும்போதெல்லாம் விசை இரட்டிக்கிறது. தொய்வே இல்லாத பட்டையை எந்த விசையாலும் உண்டாக்க முடியாது. அந்தச் சுமையெல்லாம் மரத்தின் மீதும் இணைப்புகளின் மீதும் இறங்குகிறது. நம் வேலையிலும் குடும்பத்திலும், குறையே இருக்கக்கூடாது என்று கடைசியில் நாம் கூட்டும் இறுக்கத்தின் பாரமும் பெரும்பாலும் நம்மைத் தாங்கி நிற்பவர்கள் தலையில்தான் விழுகிறது.

தொய்ந்த பட்டை தரையைத் தொட்டுவிடாதா என்று கேட்கலாம். தொடும், அப்போது பட்டையை உயரத்தில் கட்டலாம், அல்லது நடக்கும் தூரத்தைக் குறைக்கலாம். இறுக்குவது ஒன்றே வழியல்ல. இதைவிட வலுவான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. இவ்வளவு விசையைத் தேக்கிய பட்டை அறுந்தால் அருகில் ஆளில்லாதது ஆபத்து. தன் முடிச்சின் பிழை தன் கண்ணுக்குத் தப்பும். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே தேவைப்படுவது இன்னொரு கண், இன்னும் நான்கு தோள்கள் அல்ல. தோள்கள் கூடும்போது, முடிகிறது என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறோம். ஆகவே உதவி கேட்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. தனக்கு எவ்வளவு போதும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டவர், பிறகு எத்தனை பேரை அழைத்தாலும் கெடுதலில்லை. நிறுத்த வேண்டிய இடம் அவருக்குத் தெரியும்.