உரிமையை விற்கலாம், கடமையை?

கண்டறிந்த அறிவை விற்றுவிட்டால், அது எட்டாமல் சாகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் கைமாறிவிடுமா? 2001இல் இந்தக் கேள்வி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் முன் வந்து நின்றது. ஸ்டாவுடின் என்னும் வேதிப்பொருள் எச்ஐவி கிருமியைத் தடுக்கும் என்று 1980களில் அங்கே வில்லியம் புரூசாஃபும் டாய்-ஷுன் லின்னும் கண்டறிந்தனர். பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்று, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குத் தனியுரிமம் வழங்கியது. 1994இல் மருந்து விற்பனைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் மருந்தின்றி மடிந்துகொண்டிருக்க, மலிவான நகல் மருந்தை அங்கே கொண்டுவர அனுமதி கேட்டு, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு யேலுக்கு எழுதியது. தனியுரிமம் நிறுவனத்திடம் இருப்பதால் அதைத்தான் கேட்க வேண்டும் என்றது யேல். சட்டப்படி அந்தப் பதிலில் குறையில்லை. அறத்தின்படி அது பதிலே இல்லை. உரிமை பிறருக்குக் கொடுக்கக்கூடியது, கடமை அப்படியல்ல. குழந்தையைப் பிறர் வளர்ப்பில் விடுகிறவர், அது பட்டினி கிடக்கும்போது ஒப்பந்தத்தைக் காட்டித் தப்ப முடியாது.

நிறுவனத்தின் பணம் இல்லாமல் ஆய்வுக்கூடத்துப் பொருள் மருந்தாகாது என்பார்கள். உண்மைதான். மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் செலவையும், தோற்றால் வரும் இழப்பையும் நிறுவனமே சுமக்கிறது. அதற்குரிய ஆதாயம் நியாயமானது. ஆனால் அந்த ஆதாயம் பணக்கார நாடுகளிலிருந்து வந்தது. அங்கே கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம், ஸ்டாவுடின் அடங்கிய கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. வாங்கவே முடியாதவரைத் தடுத்து வைப்பதால் எந்த ஆய்வுச் செலவும் மீளாது. காப்புரிமையே கூடாது என்பதும் விடையாகாது. இன்சுலினைக் கண்டறிந்த பாண்டிங்கின் குழுவினர் 1923இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது, வேறு எவரும் அதைத் தனிச்சொத்தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே. காவலுக்கும் காப்புரிமை உதவும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

யேல் மாணவர்கள் போராடினார்கள். புரூசாஃபும் மருந்து ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2001 மார்ச் மாதமே, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. பக்கவிளைவுகளால் ஸ்டாவுடின் பின்னாளில் ஒதுக்கப்பட்டது; அது இந்த வாதத்தைத் தொடவில்லை. போராட்டத்துக்குப் பின் இரங்குவதைவிட, உரிமம் எழுதும் நாளிலேயே ஏழை நாடுகளுக்கு வழிவிடும் நிபந்தனையைப் பல்கலைக்கழகங்கள் எழுதட்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் ஆய்வாளர்கள் கையெழுத்திட மறுக்கட்டும்.