சான்று தேவை

கல்லூரி இரண்டாம் வருஷத்தில்தான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பழகினேன். முதலில் மணல்தொட்டியில் கிறுக்கிப் பார்த்தேன். பேச்சுப் பக்கத்தில் நான்கு அலைக்குறி போட்டால் கையொப்பம் விழும் என்று முகம் தெரியாத ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். நாலே வரி. கண்மாய் பற்றி ஒன்றுமே இல்லை.

அப்பத்தா சொல்லும் கதையை எழுதினேன். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், கம்பைக் கூலியாக வாங்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் மண் சுமந்து கட்டியது அந்தக் கலுங்கு. மறுநாள் வரியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது: ‘சான்று தேவை’.

கோபம் வந்தது. எழுத்தையே எட்டவிடாமல் வைத்திருந்தவர்களிடம் போய் எழுத்தில் சான்று கேட்டால்? ஆனால் ஜமீன் வீட்டுப் பேரன் தன் பாட்டி சொன்னதை எழுதியிருந்தால் நானும் சான்று கேட்டிருப்பேன். இது அப்போது உறைக்கவில்லை. பழைய மாவட்டக் கெசட்டியர் ஒன்றின் பெயரையும் வாய்க்கு வந்த ஒரு பக்க எண்ணையும் போட்டேன். அந்தப் புத்தகத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கோயில் திருவிழா மலரில் அதே வாக்கியம், என் சந்திப்பிழையோடு. இனி அந்த மலரையே சான்றாகக் காட்டலாம். என் பொய் அச்சேறி எனக்கே சாட்சி சொல்லக் காத்திருந்தது.

உண்மைக்காகத்தானே பொய் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். மணிமேகலையில், சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வைதிகவாதி அடுக்கும் பத்து அளவைகளில் ஐதிகமும் ஒன்று. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் வழிவழியாகச் சொல்வதை நம்புவது. பின்னால் அறவண அடிகள் காட்சி, கருத்து இரண்டை மட்டுமே ஏற்பார். அப்பத்தாவைத்தான் வெளியே தள்ளுகிறார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். ஆனால் அப்பத்தா தன் அளவையை ஒருபோதும் மறைத்ததில்லை. “எங்க ஆத்தா சொல்லும், அதோட அப்பத்தா மண்ணு சொமந்துச்சாம்” என்றுதான் ஆரம்பிப்பாள். யாரிடம் கேட்டது என்பது கதையின் முதல் வரி. அந்த மூன்று பெண்களையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் படிக்காத ஒரு புத்தகத்தை வைத்தது நான்தான்.

அவளிடம் சொன்னேன். “ஏத்தா, நான் சொன்னேன்னு போட வேண்டியதுதானே?” என்றாள். அங்கே அதற்கு இடமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அநியாயத்துக்குப் போலிச் சான்று பதிலாகாது.

வரியை நீக்கினேன். சுருக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்: ‘நான் தந்த சான்று போலி.’ பக்க வரலாற்றில் என் பொய்யும் இருக்கிறது, ஒப்புதலும் இருக்கிறது. கலுங்கு மட்டும் இல்லை. அதைப் பற்றி அப்பத்தா பேசியது, யார் சொல்லக் கேட்டாள் என்பதோடு, என் போனில் நாற்பது நிமிஷம் இருக்கிறது.